கடலை உருண்டை

படத்தின் ஓரத்தில் தெரிந்த பெருவிரலை வைத்துத்தான் நிலூஷா கண்டுபிடித்தாள். நகத்தை ஒட்டக் கடித்துத் துப்பிய, நுனி புடைத்த, சின்னப் பிள்ளையின் பெருவிரல். அவளுடைய மகன் மெல்ரோயின் விரல். விரல் பிடித்திருந்த தட்டு அவள் வீட்டுத் தட்டு. தட்டிலிருந்த உருண்டைகள் அவள் கையால் உருட்டியவை. மேலே இருந்த பெயர் மட்டும் அவளுடையதில்லை. 'சமையல் சங்கதி' என்று போட்டிருந்தது.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள், மேல்மாடி வீட்டில், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. போனைப் பார்த்தபடியே நின்றவள் சோறு பொங்கி அடுப்பை அணைத்ததைக் கவனிக்கவில்லை.

"ஜெனிஸ்டன், ஓடி வாங்கோ! என்ட சாமானை ஒருத்தன் தூக்கிற்றான்!"

அவள் கணவன் ஜெனிஸ்டன் துறைமுகத்தில் சாமான் கணக்கு எழுதும் கிளாக். களவு போன சாமான் என்றால் அவனுக்குக் காது நீண்டுவிடும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தவன் படத்தைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டான்.

"உருண்டையா? நான் காஸ் சிலிண்டராக்கும் எண்டு நினைச்சன்."

சிரிப்பான். அவனுக்கென்ன? ஆனால் அந்த உருண்டை எங்கிருந்து வந்தது என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் யாரும் இல்லை.

போன வருடம் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளில், தெருவோரத்தில் கோதோடு வறுத்த கச்சான் ஒரு சுருள் வாங்கி மெல்ரோயின் கையில் கொடுத்தவன் அவன்தான். கூட்டத்தை விட்டு வெளியே வருவதற்குள் பிள்ளையின் உதடு வீங்கிவிட்டது. கண் இடுங்கி, மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. முச்சக்கரவண்டிக்காரன் "பய வென்ட எப்பா நோனா, பய வென்ட எப்பா" என்று சொல்லிச் சொல்லியே ஓட்டினான். பயப்பட வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னவன் சிவப்பு விளக்கிலும் நிற்காமல் போனான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிள்ளையைத் திரும்பத் தந்தார்கள். "கொஞ்சம் பிந்தியிருந்தால்" என்று தொடங்கிய டொக்டர் நிலூஷாவின் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். பிறகு எல்லாம் சோதித்து, இந்தப் பிள்ளைக்குக் கச்சான் மட்டும் ஆகாது, கடலை, பயறு எதுவும் பிரச்சினையில்லை என்றார்கள்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கச்சான் அல்வாவைக் கடிக்கும்போது மெல்ரோய் அவர்களுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கேள்விப்பட்ட நிலூஷாவுக்கு மனம் பொறுக்கவில்லை. கடலையை வறுத்து, தோல் போக்கி, இடித்து, பேரீச்சம்பழமும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருட்டிப் பார்த்தாள். முதலில் உருண்டை உதிர்ந்தது. பிறகு கல்லாயிற்று. கடைசியில் ஒருநாள் சரியாக வந்தது. மெல்ரோய் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இது எனக்கு மட்டுமா அம்மா?" என்று கேட்டான். அப்போது எடுத்த படம்தான் அது.

'கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குக் கடலை உருண்டை' என்று தலைப்புப் போட்டு, எல்லாவற்றையும் எழுதி, படத்தோடு ரிப்கானின் 'பிளேன்டீ'யில் போட்டாள்.

ரிப்கான் வெள்ளவத்தைப் பையன். முன்பு அவளோடு ஒரே ஒஃபிசில் கம்பியூட்டர் பார்த்தவன். அவள் பல வருடம் பாடுபட்டு வளர்த்த சமையல் பக்கத்தை ஒரு பெரிய கம்பனி காரணம் சொல்லாமல் இழுத்து மூடியபோது அவன்தான் ஆறுதல் சொன்னான்.

"அங்கெல்லாம் நாங்க வாடகைக்குடி அக்கா. முதலாளி நினைச்சா வெளிய போடுவான். இது அப்பிடியில்ல. ஆயிரக்கணக்கான ஆக்கள் ஆளுக்கொரு சர்வர் வெச்சு நடத்துறாங்க, எல்லாம் ஒண்டோட ஒண்டு கதைக்கும். என்டதுக்குப் பேர் பிளேன்டீ. இங்க முதலாளி எண்டு ஒத்தரும் இல்ல."

முதலாளி இல்லாத இடம் என்று கேட்டதும் நிலூஷாவுக்கு வாயெல்லாம் பல். முதலாளி இல்லாத கடையில் களவு போனால் யாரிடம் போய் அழுவது என்று அவள் அப்போது கேட்கவில்லை. ரிப்கானும் சொல்லவில்லை.

இப்போது கேட்க வேண்டி வந்தது. முதலில் அந்த 'சமையல் சங்கதி'க்கே மரியாதையாக எழுதினாள். அது தன் படம், தன் பிள்ளையின் கை, தன் செய்முறை, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்றாள். பதில் உடனே வந்தது. 'நல்ல விஷயம் நாலு பேருக்குப் போய்ச் சேரட்டுமே சகோதரி, சாப்பாட்டுக்கு ஏது உரிமை?' அவ்வளவுதான். அடுத்த நொடி அவளுக்குக் கதவை அடைத்துவிட்டான். அவன் இருந்த சர்வரை நடத்துபவருக்கு எழுதினாள். கிணற்றில் கல் போட்ட மாதிரி. கிணறென்றால் சத்தமாவது கேட்டிருக்கும்.

களவைவிட அவளுக்கு எரிச்சலூட்டியது இன்னொன்று. அவன் அவளுடைய தமிழைத் திருத்தியிருந்தான். தேங்காய்ப்பூவைத் தேங்காய்த் துருவல் ஆக்கியிருந்தான். ஒரு பேணி என்றதை ஒரு கப் ஆக்கியிருந்தான். கச்சான் என்ற சொல் அவனுக்கு விளங்கவில்லை போலும், அதைத் தூக்கி எறிந்துவிட்டு, 'ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்குப் பாதுகாப்பான கடலை உருண்டை' என்று தலைப்பைச் சுத்தம் செய்திருந்தான்.

"எடுத்தது போதாதெண்டு எனக்குத் தமிழ் வேற படிப்பிக்கிறான்!" என்று ரிப்கானுக்குப் போன் எடுத்துக் கத்தினாள். "ஒண்டும் செய்ய ஏலாதா?"

"ஒண்டு செய்யலாம் அக்கா. அந்த சர்வரை முழுசாப் பூட்டி விடலாம். அவங்கட ஒண்டும் இங்க வராது, எங்கட ஒண்டும் அங்க போகாது."

"களவு நிக்குமா?"

"அது எப்பிடி நிக்கும்? எங்கட கண்ணுக்குப் படாது, அவ்வளவுதான்."

"பரவாயில்ல, பூட்டு. அந்த மூஞ்சி எனக்குத் தெரியக்கூடாது."

ரிப்கான் பூட்டினான். நிலூஷாவுக்கும் மனம் கொஞ்சம் ஆறியது. கோபத்தில் செய்த காரியம் அவ்வளவு சுலபமாக முடிந்ததில் உண்மையில் ஒரு திருப்திகூட இருந்தது.

அந்தத் திருப்தி பேர்ணடெற் அன்ரி போன் எடுக்கும் வரைக்கும்தான். பேர்ணடெற் அன்ரி நிலூஷாவின் அம்மாவுடைய தங்கை. கலவரத்தோடு திருச்சிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். ஒரு சனிக்கிழமை காலை, சுகம் விசாரிக்காமல் எடுத்த எடுப்பிலேயே ஏசத் தொடங்கினார்.

"எடி நிலூஷா, உனக்கு விசரா? பிள்ளைக்குக் கச்சானை உருட்டிக் குடுத்திருக்கிறாய்!"

"என்ன அன்ரி கதைக்கிறீங்கள்? எந்தக் கச்சான்?"

"எங்கட கோயில் பொம்பிளையளின்ட வாட்ஸ்அப்பில வந்தது. நான் அனுப்பின தட்டு எனக்குத் தெரியாதா? மெல்ரோய் கையில பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். கடலை உருண்டை எண்டு கிடக்குது."

"ஓம், கடலை உருண்டைதான். கடலையிலதான் செய்தனான்."

பிறகு அன்ரியின் குரல் இறங்கிவிட்டது.

"பிள்ளை, எங்கட கடலைக்கு இங்க கொண்டைக்கடலை எண்டு பேர். இங்க வெறும் கடலை எண்டு சொன்னா அது கச்சான்தான். கடலை உருண்டை எண்டு பெட்டிக்கடையில போத்தலுக்குள்ள போட்டு விக்கிறாங்கள், முழுக்கக் கச்சான். வந்த புதுசில நானே கடலை எண்டு கேட்டு வாங்கி முழிச்சுக்கொண்டு நிண்டனான்."

நிலூஷா வாழ்நாள் முழுக்க இந்தியத் தமிழ்ப் படம் பார்த்தவள். 'கடலை போடுறான்' என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தவள். அது எந்தக் கடலை என்று ஒருநாளாவது யோசித்ததுண்டா? அந்தத் திருடன் தெரியாத சொற்களையெல்லாம் மாற்றிவிட்டு, தெரிந்த சொல் என்று நினைத்ததை அப்படியே விட்டிருக்கிறான். அவளும் அவன் மாற்றிய சொற்களைப் பார்த்துத்தான் கொதித்தாளே தவிர, மாற்றாத சொல்லைப் பார்க்கவில்லை. வறுத்து, தோல் போக்கி, இடித்து என்று அவள் எழுதியதெல்லாம் கச்சானுக்கும் அச்சொட்டாகப் பொருந்தியது.

பிளேன்டீயில் அந்தப் பக்கம் திறக்கவில்லை. அவள்தானே பூட்டச் சொன்னாள்! வெளியாள் போல இணையத்தில் தேடிப் பார்த்தாள். கீழே ஏராளம் பேர் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனவள் அன்று காலைதான் எழுதியிருந்த நாகேஸ்வரி என்ற பெயரில் நின்றாள்.

'என் பொண்ணுக்கு எது ஒத்துக்கலைன்னே தெரியலைங்க. திடீர்னு வாயெல்லாம் வீங்கிடுது. டாக்டர் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கார், இன்னும் எடுக்கல. நாளைக்குப் பாப்பாவுக்குப் பிறந்தநாள். வெளியில கேக் வாங்க பயமா இருக்கு. பாதுகாப்புன்னு போட்டிருக்கீங்க, இதையே செஞ்சு கொடுக்கப்போறேன். ரொம்ப நன்றிங்க.'

அதன் கீழே 'சமையல் சங்கதி' ஒரு இதயப் படம் போட்டிருந்தான்.

அவனுக்கு இதயம் படத்தில்தான் இருந்தது. நிலூஷா மெல்ரோயை ஜெனிஸ்டனிடம் விட்டுவிட்டு, செருப்பு மாறிப் போட்டதுகூடத் தெரியாமல் இறங்கி ஓடினாள். வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் இருந்துகொண்டே தன் பழைய பதிவைத் திறந்து, 'கடலை என்றால் கொண்டைக்கடலை, கச்சான் என்றால் வேர்க்கடலை' என்று திருத்தி எழுதினாள். திருத்தி என்ன? அவளுடையதை அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

ரிப்கானின் வீடு கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு ஃபிளட். கதவைத் திறந்த அவன் மனைவி அஸ்கா, நிலூஷாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டாள். விஷயத்தைக் கேட்ட ரிப்கான் கம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்தவன்தான், நெடுநேரம் எழும்பவில்லை.

"நான் பூட்டினதைத் திறந்திட்டேன் அக்கா. ஆனா அவங்களும் அந்தப் பக்கத்தால எங்களைப் பூட்டீக்கிறாங்க."

"ஏன்?"

"நாங்க பூட்டினதால."

"வேற கணக்குத் தொடங்கு. அவங்கட சர்வரிலயே தொடங்கு."

நிலூஷாவின் ஈமெயிலைக் கொடுத்துத் தொடங்கினான். 'உங்கள் விண்ணப்பம் நிர்வாகியின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்று வந்தது. கல்லுக்குப் பதில் சொல்லாத அதே கிணறுதான் அந்த நிர்வாகி. ரிப்கானுக்கு இன்னொரு பெரிய சர்வரில் ஒரு பழைய கணக்கு இருந்தது. அதிலிருந்து நாகேஸ்வரிக்கு எழுதினார்கள். 'அக்கா, செய்யாதீங்க, அது வேர்க்கடலை இல்லை, கொண்டைக்கடலை' என்று நிலூஷா சொல்லச் சொல்ல அவன் அடித்தான்.

"போயிற்றா?"

"போயிற்று. ஆனா முன்பின் தெரியாத ஆள் எழுதினா நேர காட்டாது அக்கா. பக்கத்தில ஒரு பெட்டிக்குள்ள ஒதுக்கி வெக்கும். அவ போய்த் திறந்து பாத்தாத்தான்."

"பிறந்தநாள் வீட்டில யார் ரிப்கான் பெட்டியைத் திறந்து பாக்கிறது?"

எல்லாரும் பார்க்கட்டும் என்று அந்தச் செய்முறையின் கீழேயே எச்சரிக்கை எழுதி, நிலூஷாவின் மூலப் பதிவையும் இணைத்தார்கள். அதற்கு மட்டும் ஒரு வாசகரின் பதில் சுடச்சுட வந்தது. 'சங்கதி அண்ணன் போட்டதை அப்படியே காப்பி அடிச்சுட்டு, இப்ப பயமுறுத்த வேற வந்துட்டீங்களா? இன்னைக்குத்தான் திருத்தினதுன்னு உங்க பதிவிலேயே போட்டிருக்கே!' பஸ்ஸில் இருந்து அவசரமாகத் திருத்தியதைப் பிளேன்டீ ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தது. அடுத்தவர் ஒருவர் வெட்கமாயில்லையா என்று கேட்டார். இன்னொருவர் பிழைப்புக்கு வேறு வழி பார்க்கச் சொன்னார். பிறகு 'சமையல் சங்கதி' ரிப்கானின் அந்தக் கணக்குக்கும் கதவை அடைத்தான், எச்சரிக்கை அவன் பக்கத்திலிருந்து மறைந்துவிட்டது.

தன் பிள்ளையின் விரலைக் காட்டித் தன்னையே கள்ளி என்கிறார்களே என்று இன்னொரு நாளாக இருந்தால் நிலூஷா உலகத்தை இரண்டாக்கியிருப்பாள். அன்று அவளுக்கு அதற்குக் கூடச் சீவன் இல்லை. என்னைக் கள்ளி என்று சொல்லுங்கள், அந்தப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. அஸ்கா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

பேர்ணடெற் அன்ரிக்குப் போன் எடுத்தாள்.

"அந்தப் பொம்பிளையைத் தேடிப் பிடிக்க ஏலாதா அன்ரி? நாகேஸ்வரி."

"எந்த ஊர் பிள்ளை?"

"தெரியாது."

"நாகேஸ்வரி எண்டு கூப்பிட்டா பாதித் தமிழ்நாடு திரும்பிப் பாக்குமே," என்றார் அன்ரி. சொல்லிவிட்டு அவரே அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நிலூஷா எழும்பும்போது எழும்பினாள், முழந்தாளிடும்போது முழந்தாளிட்டாள். செபத்தில் உணவைத் தாரும் என்று கேட்கும் இடத்தில் அவளுக்கு வாய் வரவில்லை. பூசை முடிந்து படியில் இறங்கியதும் போனைத் திறந்தாள். நாகேஸ்வரி படம் போட்டிருந்தாள். பளபளவென்ற எவர்சில்வர் தட்டு, சுற்றிவர ஜிகினாத் தாள், நடுவில் உருண்டைகள். அழகுக்கு ஒவ்வொன்றின் தலையிலும் பாதியாக உடைத்த ஒரு பருப்பைப் பதித்திருந்தாள். கச்சான் பருப்பு. 'பாப்பா தூங்குறா, எழுந்ததும் கேக்குக்குப் பதிலா இதுதான்' என்று கீழே எழுதியிருந்தாள்.

"குடுக்காதீங்க!" என்று நிலூஷா கத்திவிட்டாள். கோயில் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெல்ரோய் பயந்துபோய்த் தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டான். ஜெனிஸ்டன் போனை வாங்கிப் பார்த்தான். அவனுக்கு இந்த முறை பகிடி வரவில்லை.

"நானும் அண்டைக்குத் தெரியாமத்தானே குடுத்தன்," என்றான். அந்தத் திருநாளைப் பற்றி அவன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நாகேஸ்வரி ஒன்றும் எழுதவில்லை. பகல் போயிற்று. நிலூஷா பார்த்தாள். பின்னேரம் பார்த்தாள். ரிப்கான் அந்தப் பெட்டிக்குள் இன்னும் இரண்டு முறை எழுதிப் போட்டான். பிறந்தநாள் வீட்டில் யாருக்கு நேரம் என்றான் ஜெனிஸ்டன், பிள்ளை சந்தோஷமாக விளையாடிக்கொண்டிருக்கும் என்றான். சொல்லிக்கொண்டே அவனும் போனை எட்டிப் பார்த்தான்.

மறுநாள் காலை, மெல்ரோய்க்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தபோது போன் முனகியது. 'உங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எங்கள் சமூகத்துக்கு நல்வரவு!' கடைசியில் கிணறு வாய் திறந்துவிட்டது. நிலூஷா கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போய் நாகேஸ்வரியின் பெயரைத் தட்டினாள்.

'இந்தக் கணக்கு இல்லை' என்று வந்தது.

திரும்பவும் தட்டினாள். இல்லை. செய்முறையின் கீழே போய்த் தேடினாள். நாகேஸ்வரி எழுதியது இல்லை, தட்டும் ஜிகினாத் தாளும் இல்லை. 'சமையல் சங்கதி' அவளுக்குப் போட்ட அந்த இதயம் மட்டும் யாருக்கென்று இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"வேற சர்வருக்கு மாறியிருப்பா அக்கா," என்றான் ரிப்கான் போனில். "ஆக்கள் அப்பிடி மாறுறதுதான். இல்லாட்டி எங்கட மெசேஜைப் பாத்திட்டுக் கோவத்தில கணக்கை அழிச்சிருப்பா. அப்பிடியும் இருக்கலாம் தானே?"

"வேற என்னவா இருக்கலாம் ரிப்கான்?"

அவனுக்கும் இரண்டு பிள்ளைகள்.

என்ன நடந்ததென்று இனி நிலூஷாவுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. போட்டதை அழிக்கவே முடியாத இடத்தில் ஒரு தாய் அழிந்துபோயிருக்கிறாள். உருண்டை மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் கீழே ஒரு புது ஆள், 'சூப்பர், நாளைக்குச் செய்யணும்' என்று எழுதியிருந்தார். இப்போதுதான் அவளுக்கு அங்கே கணக்கு இருக்கிறதே. 'தயவுசெய்து செய்ய வேண்டாம், இது கொண்டைக்கடலை' என்று அவருக்கு எழுதினாள். அடுத்தவருக்கு எழுதினாள். அதற்கடுத்தவருக்கு எழுதும்போது 'சமையல் சங்கதி' அந்தக் கணக்குக்கும் கதவை அடைத்துவிட்டான்.

வேறு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்க்கலாம் என, 'கடலை உருண்டை, குழந்தைகள்' என்று போட்டுத் தேடினாள். வேறு சர்வரில், வேறு பெயரில், முதலாவதாகவே வந்தது. இந்த ஆள் 'சமையல் சங்கதி'யிடமிருந்து எடுத்திருக்கிறார். எடுத்தவர் சும்மா எடுக்கவில்லை, எல்லாருக்கும் விளங்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சுத்தம் செய்திருந்தார்.

'ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்குப் பாதுகாப்பான வேர்க்கடலை உருண்டை.'

"அம்மா, ஸ்கூல் வான் வந்திட்டுது," என்று மெல்ரோய் வாசலில் இருந்து கத்தினான். நிலூஷா நிமிர்ந்து பார்க்கவில்லை. படம் அதே படம்தான். தட்டின் ஓரத்தில், கடித்த நகத்தோடு, அவன் விரல்.